யானையைக் காணோம்: 2019இல் எங்கள் தோட்டங்களில் கண்டவை

கொட்டகலையிலிருந்து

போன வாரம் பழைய பெட்டி ஒன்றைத் துடைத்தபோது பச்சை நிறத் தொப்பி ஒன்று கிடைத்தது. முன்பக்கம் அச்சடித்த யானை. அதன் மேலே யாரோ அன்னம் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். அன்னம் யானையை முழுதாக மறைக்கவில்லை. தும்பிக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தல் தொப்பி.

ரணிலா சஜித்தா என்று யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சி மாதக் கணக்கில் இழுபட்டு, செப்டெம்பர் 26ஆம் திகதிதான் செயற்குழு சஜித் பிரேமதாசவை வேட்பாளராக ஏற்றது. தலைவர் பதவி ரணிலிடமே இருந்தது. கட்சித் தலைமையகமான சிறிகொத்தவில் நடந்ததைப் பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. மலையகத் தோட்டங்களில் இருக்கும் நீங்கள் நம் பக்கம் கண்ணால் கண்டதை எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம்.

நான் கண்டது எங்கள் அப்பாயியை. அப்போது அவளுக்கு எண்பது தாண்டியிருந்தது. 1948இல் போன குடியுரிமை 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவளுக்குக் கைக்கு வந்தது. பறித்ததும் யானைக் கட்சி ஆட்சி, கொடுத்ததும் யானைக் கட்சி ஆட்சி. அப்பாயி கொடுத்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். 2010இல் சரத் பொன்சேகாவும் 2015இல் மைத்திரிபாலவும் அன்னத்தில் நின்றபோது, "அவுக வெளியாளு, அதான் வேற சின்னம்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 2019இல் அது செல்லவில்லை. "இப்ப நிக்கிறது நம்ம கட்சி ஆளுதானே? பெறகு ஏன் யானை இல்ல?"

கூட்டணி, அன்னம் புதிய ஜனநாயக முன்னணியின் சின்னம் என்று என்னவோ விளக்கினேன். எனக்கே அந்த விளக்கம் ஒட்டவில்லை.

நவம்பர் 16 காலையில் கைபிடித்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போனேன். 35 வேட்பாளர்கள், 26 அங்குல நீளத்தில் வாக்குச்சீட்டு. வெளியே வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்: "யானையக் காணோம்டா. கடைசியில வாத்துக்குப் போட்டுட்டு வந்தேன்."

பதுளையிலிருந்து

ஆகஸ்ட் 12ஆம் திகதி பதுளையில் நடந்த கூட்டத்துக்கு நான் போனேன். கட்சி இன்னும் யாரையும் அறிவிக்கவில்லை. ஆனால் அமைச்சர்களும் எம்.பி.மாரும் மேடையில் ஏறி, சஜித்தான் வேட்பாளர் என்கிறார்கள். தலைவர் மேடையில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லும் முன்பே பந்தலைப் போட்ட மாதிரி இருந்தது.

எங்கள் டிவிஷனிலிருந்து ஒரு பஸ். பாதிப் பேர் சஜித்துக்காக வந்தார்கள், மீதிப் பேர் பதுளை டவுனைப் பார்க்க வந்தார்கள். திரும்பும் வழியில் மழை, ஒரு ஜன்னல் மூடவில்லை. அதையும் தாண்டி எல்லோரும் சந்தோஷமாகத்தான் வந்தோம். சஜித்தின் அப்பா ஜனாதிபதி பிரேமதாச காலத்து வீட்டுத் திட்டம் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், "அப்பன் மாதிரி மகன்" என்று.

பிரச்சினை அடுத்த வாரம் வந்தது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான கட்சிக்காரர் ஒருவர் தலைவர் பக்கம். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே ஏறும் படிக்கட்டுப் பாதைக்கு கொங்கிரீட் போட அவரிடம் மனு கொடுத்திருந்தோம். நான் போய் நின்றதும், "நீங்கதானே பஸ்ஸுல போனது? அந்தப் பஸ்காரங்ககிட்டயே கேளுங்க" என்றார். இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே பச்சை. அந்தப் பாதையில் இன்றைக்கும் மழைக்கு வழுக்கும்.

செப்டெம்பர் 26க்குப் பிறகு அதே ஆள் அன்னம் போஸ்டர் ஒட்டப் பசை வாளியோடு வந்தார். சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

மஸ்கெலியாவிலிருந்து

எல்லோரும் கட்சி கட்சி என்கிறீர்கள். மலையில் எவன் கட்சியைப் பார்த்து ஓட்டுப் போட்டான்? சந்தா எந்தத் தொழிற்சங்கத்துக்குப் போகிறதோ அங்கேதான் ஓட்டும் போகும். அன்றைக்கு நிலைமை பெரும்பாலும் அதுதான். சேவல் சின்னத்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கோட்டாபய பக்கம். தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம். எங்கள் லயத்தில் ஒரே காம்பராவில் அப்பா சேவல், மகன் மற்றச் சங்கம். யானை இரண்டாகப் பிளந்தது அந்த வீட்டுச் சண்டைக்குக் கிட்டவும் வராது.

நான் சொல்ல வந்தது ஐம்பது ரூபாய்க் கதை. அந்த வருடம் ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் போட்டு அடிப்படை நாட்சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. ஆயிரம் கேட்டுத் தெருவில் நின்றவர்களுக்கு 700. ஆத்திரத்தைத் தணிக்க அரசாங்கம் நாளுக்கு 50 ரூபாய் மேலதிகமாகத் தருவதாகச் சொன்னது. சித்திரை போனது, ஆடி போனது, காசு வரவில்லை. பெருந்தோட்டத்துறை அமைச்சர் நவீன் திசாநாயக்க ஐக்கிய தேசியக் கட்சி. காசைக் கேட்டுச் சத்தம் போட்ட நம் மலையகத் தமிழ் அமைச்சர்களும் அதே அரசாங்கம். ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பேப்பரில் திட்டிக்கொண்டார்கள்.

வேட்பாளர் பெயர் வந்த அன்றைக்குப் பின்னேரம் நான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருந்தேன். ரேடியோவில் கேட்ட ஒருவன் ஓடிவந்து "சஜித்தாம், சஜித்தாம்" என்று கத்தினான். தராசில் கூடையை மாட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்பது ரூவா குடுக்க முடியாதவங்க யார நிப்பாட்டினா என்ன? மொதல்ல கொழுந்து ஈரம்னு தண்ணிக் கழிவு நீ எத்தன கிலோ வெட்டுனன்னு சொல்லு" என்று நிறுப்பவனிடம் கேட்டாள்.

நானுஓயாவிலிருந்து

திட்டுவதென்றால் திட்டுங்கள். நான் கோட்டாபயவின் மொட்டுச் சின்னத்துக்குத்தான் போட்டேன். அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்தபோது என் தம்பி கொழும்பில் ஹோட்டல் வேலை. அன்றைக்கு மத்தியானம் வரை போன் கிடைக்கவில்லை. அந்த அரை நாளை மறக்க முடியாமல்தான் போட்டேன். தங்களுக்குள்ளேயே ஆளைத் தீர்மானிக்க முடியாதவர்கள் நாட்டை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று நினைத்தேன்.

2021இல் கோட்டாபய இரசாயன உரத்தை நிறுத்தினார். நான் ஒரு ஏக்கரில் மரக்கறி போடுகிறவன். மீதியை நான் எழுதத் தேவையில்லை.

ஹட்டனிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பல தேர்தல்களில் கடமை செய்தவன் என்பதால் உள்ளே நடந்ததைச் சொல்ல மாட்டேன். வெளியே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

யானை பிளப்பது இது முதல் தடவை இல்லை. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை கொண்டுவந்து, லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் வெளியேற்றப்பட்டார்கள். ராஜாளிச் சின்னத்தில் புதுக் கட்சி வந்தது. காமினி நுவரெலியா எம்.பி.யாக இருந்தவர், அதனால் இங்கே பலருக்கு அது சொந்த வீட்டு வழக்கு மாதிரி. என் அப்பா கடைச் சுவரில் இருந்த காமினி படத்தைக் கழற்றவும் மனமில்லாமல், மாட்டிவைக்கவும் பயந்து, காலண்டரை அதன் மேல் தொங்கவிட்டார். 1994இல் காமினி கட்சிக்குத் திரும்பி ஜனாதிபதி வேட்பாளரும் ஆனார், காலண்டர் இறங்கியது. அந்த ஒக்டோபர் 24ஆம் திகதி தொட்டலங்கவில் குண்டில் செத்தார். அப்பா படத்துக்கு மாலை போட்டார்.

பதுளைத் தம்பி சொன்ன பசை வாளியைப் படித்ததும் அந்தக் காலண்டர்தான் ஞாபகம் வந்தது.

2019இல் நுவரெலியா மாவட்டம் சஜித்துக்கு 58 சதவீதம் கொடுத்தது. நாடு முழுக்க அவருக்கு 41.99, கோட்டாபயவுக்கு 52.25. மறுநாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் இரண்டு பச்சைத் தொப்பிக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். "ஒங்க ஆளு மொதல்லயே விட்டுக்குடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றான் ஒருவன். "எங்க ஆளு நின்னிருந்தா?" என்றான் மற்றவன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கேட்டவனும் சேர்த்து.

2020 ஓகஸ்டில் பாராளுமன்றத் தேர்தல் வரிசையில் நின்றவர்கள் பட்ட குழப்பம் வேறு மாதிரி. யானை வாக்குச்சீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது, ஆனால் நம் ஆட்கள் சஜித்தின் புதுக் கூட்டணியின் டெலிபோன் சின்னத்துக்குப் போய்விட்டார்கள். யானைக்கு நாடு முழுக்க ஒரு மாவட்டத்தில்கூட ஆசனம் கிடைக்கவில்லை. தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. 1946இல் தொடங்கிய கட்சிக்கு!

மீண்டும் கொட்டகலை

மாஸ்டர், அந்தக் காலண்டர் கதையை எங்கள் வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். அப்பாயி இன்னும் இருக்கிறாள், காது மட்டும் கொஞ்சம் மந்தம். எண்பத்தைந்து தாண்டி 2024 தேர்தலுக்கும் வந்தாள். அந்த முறை பழைய யானைக்காரர்கள் இருவருமே நின்றார்கள்: சஜித் டெலிபோன், ரணில் சுயேச்சையாகக் கேஸ் சிலிண்டர்.

முதல் நாள் ராத்திரி மாதிரி வாக்குச்சீட்டை விரித்து இரண்டு படத்தையும் விரலால் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நமக்கு வெறகடுப்புதானே. போன்தான் வீட்ல இருக்கு" என்றாள்.