கருப்பூர் மாணவர் வீடுகளுக்கு வாடகை ஒப்பந்த மாதிரி: ரெண்டு இடத்துல உதவி வேணும்

வணக்கம். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் பக்கம் நாலைந்து பேராச் சேர்ந்து வீடு எடுக்கிற மாணவர்களுக்காக ஒப்பந்த மாதிரி ஒன்று தயாராகுது.

முதல் சிக்கல்: நடுவில் ஒருத்தர் மட்டும் காலி செய்தால் அவர் பங்கு அட்வான்ஸை யார் தருவது? பெரும்பாலும் ஒருத்தர்தான் கையெழுத்துப் போடுறார். மத்தவங்க பணத்துக்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டுமே சாட்சி. சண்டையே இங்கேதான் ஆரம்பிக்குது. எல்லாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வெச்சிருக்கிறவங்க, பெயரை மறைச்சு அந்தப் பத்தியை மட்டும் போடுங்க.

ரெண்டாவது சிக்கல்: சப்மீட்டர் (ஓனரோட மெயின் மீட்டருக்குக் கீழ வெச்ச தனி மீட்டர்) வீட்டில் 100 யூனிட் இலவச மின்சாரத்தைப் பிரிக்கிற வாசகம் வேணும்.

மத்தது 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுதியாச்சு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கூடாது. ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிட்டா அந்த வரம்பு கைகொடுக்காது, அதனால அந்த வரியை ரெண்டு தடவை படிக்கணும். காலி செய்த ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி கழிச்சுத் திருப்பித் தரணும். வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்பு, குழாய் வாஷர் நம்ம பொறுப்பு. சாவி வாங்குற அன்னிக்கே மீட்டர் ரீடிங், ஆணி ஓட்டை, ஒழுகுற குழாய் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கு.

ஓமலூர், அஸ்தம்பட்டி பக்க ஒப்பந்தம்னாலும் சரி.