வராத ஆளை யார் தேடுறது? கடலூர், பாண்டி பக்கத்து அனுபவங்கள்

மஞ்சக்குப்பம் பழைய கவுன்சலர்

எங்க அம்மாவுக்கு 71 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல மாசாமாசம் மாத்திரை வாங்குவாங்க. போன வருஷம் முழங்கால் வலின்னு மூணு மாசம் போகல. ஏன் வரலன்னு ஒருத்தர் கேக்கல. நானும்தான் கேக்கல. நாலாவது மாசம் போனப்போ சுகர் 380. "ஏம்மா, ஒழுங்கா வர மாட்டியா?"ன்னு ஒரு திட்டு, ஒரு சீட்டு, முடிஞ்சுது.

வெக்கக்கேடு என்னன்னா, நான் பதினோரு வருஷம் இதே மாவட்டத்துல நம்பிக்கை மையத்துல, அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் குடுக்கிற இடத்துல, கவுன்சலரா இருந்தவன். எச்.ஐ.வி. மாத்திரை வாங்குற ஒருத்தர் தேதி தவறினா, அந்த மாத்திரை குடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்துலேர்ந்து பேர் வந்துடும். முதல்ல போன். எடுக்கலேன்னா, அவர் முன்னாடியே சம்மதிச்சிருந்தா மட்டும் வீட்டுக்கு ஆள் போகும். ஜீப்புல போக மாட்டோம். வாசல்ல யாராவது "நீங்க யாரு"ன்னு கேட்டா, சீட்டுப் பணம் விஷயமா வந்தேன்னு சொல்லிடறது.

இன்னொண்ணு, கேள்வி கேக்குற விதம். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு கேட்டா ஊர் உலகத்துல எல்லாரும் "போடுறேன் சார்"னுதான் சொல்லுவாங்க. எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது வேற: "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். கடைசி மூணு நாள்ல உங்களுக்கு எத்தனை விட்டுப்போச்சு?" இப்படிக் கேட்டாத்தான் நெஜம் வரும். அதுக்கப்புறம் டப்பாவைத் திறந்து மிச்சத்தை எண்ணுவோம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை மாத்திரை இருந்த காலத்துல மாசத்துக்கு 60 வேளை. மூணு விட்டாலே 95 சதவீதத்துக்கு வந்துடும், அதுக்கு மேல விட்டா கவலை.

இதை எங்க அம்மாகிட்ட ஒரு நாள் கேட்டுப் பாத்தேன். "காலைல போடுறதை விடமாட்டேன்டா. ராத்திரி மாத்திரை போட்டா கைகால் நடுங்குது, அதான் போடுறதில்ல"ன்னாங்க. தாழ்நிலைச் சர்க்கரை, அதாவது சுகர் ரொம்பக் கீழ இறங்கிடறது! ரெண்டு வருஷமா எந்த ஓ.பி. சீட்டுலயும் அது இல்ல.

எச்.ஐ.வி. சிகிச்சை பக்கம் இருந்தவங்க, மருந்து எடுத்தவங்க, குடுத்தவங்க யாரா இருந்தாலும், மத்த வைத்தியத்துக்கு அங்கேர்ந்து எதை எடுத்துக்கலாம்னு உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

முந்திரித்தோப்பு

அண்ணே, நான் பண்ருட்டி பக்கம். பேர் வேணாம். 2009-லேர்ந்து மருந்து எடுக்கிறேன். அப்போ சி.டி.4, அதாவது ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புசக்தி செல் எண்ணிக்கை, குறைஞ்சாத்தான் மாத்திரை ஆரம்பிப்பாங்க. எனக்கு 142. இப்போ மாதிரி தொற்று தெரிஞ்ச உடனே ஆரம்பிக்கிற வழக்கம் 2017-லதான் வந்துச்சு. ஸ்டாவுடின்னு ஒரு பழைய எச்.ஐ.வி. மாத்திரை போட்ட காலத்துல உள்ளங்கால் எரியும், கன்னம் ஒட்டிப்போயிடும். மூஞ்சியப் பாத்தே ஊர் பேசும். இப்போ டொலுடெக்ராவிர்னு புது மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, ராத்திரி ஒண்ணு. ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பாக்குற வைரல் லோடு டெஸ்ட்ல டி.என்.டி.ன்னு வருது, அதாவது கருவிக்கே அகப்படல.

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கெடக்கு. ரோடே தெரியல, கரண்டு எப்போ வரும்னு யாருக்கும் தெரியல. என்கிட்ட நாலு நாள் மாத்திரைதான் பாக்கி. நான் பாண்டியில பதிவு, ஏன்னா கடலூர்ல யாராவது தெரிஞ்சவங்க கண்ணுல பட்டுடுவேனோன்னு பயம். மூணாம் நாள், எச்.ஐ.வி. உள்ளவங்களோட மாவட்ட பாசிட்டிவ் சங்கத்துல இருக்கிற ஒருத்தர், அவரும் தொற்று உள்ளவர்தான், சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு மரத்து மேல ஏறி ஏறி வந்து சேந்தார். கடலூர் மையத்துல பேசி 10 நாள் மாத்திரை வாங்கிட்டு வந்திருந்தார். வீடு இருக்கா, சோறு இருக்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி "எத்தனை மாத்திரை இருக்கு?"ன்னுதான் கேட்டார். அப்போ கோவம் வந்துச்சு. இப்போ நெனச்சா சிரிப்பு வருது.

அதே வீட்டுல எங்கப்பா பிரஷர் மாத்திரை போடுறவர். அவர் மாத்திரை மழையில கரைஞ்சு போச்சு. அவருக்கு யாரும் வரல. அந்தத் தையிலயே வாய் கோணி, வலது கை விழுந்துடுச்சு. மாத்திரை விட்டதாலதான்னு எந்த டாக்டரும் எழுதிக்குடுக்கல, எனக்கு அது போதும்னு படல.

கோரிமேடு அக்கா

பாண்டியில 30 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். தம்பி சொன்ன பயம் நெஜம். கடலூர் எல்லையில இருக்கிற முள்ளோடை தாண்டி இந்தப் பக்கம் வர்றவங்க பாதிப் பேரு இப்படித்தான், சொந்த ஊர்ல முகம் தெரியக்கூடாதுன்னு. கடலூர்க்காரங்க பாண்டிக்கு, பாண்டிக்காரங்க விழுப்புரத்துக்கு. ஆனா ஒண்ணு பாருங்க, ஏ.ஆர்.டி.யில ஒரு மையத்துலேர்ந்து இன்னொரு மையத்துக்கு மாத்திக் குடுக்குறதுக்கு ஒரு முறை இருக்கு, பதிவும் கூடவே போகும். சுகர்காரர் ஊர் மாறினா முதல்லேர்ந்து "என்னம்மா மாத்திரை சாப்டீங்க, வெள்ளையா, மஞ்சளா?"தான்.

கெட்டதையும் சொல்லணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தனியார் நர்சிங் ஹோம்ல ரெண்டு வருஷம் இருந்தேன். பாசிட்டிவ்னு தெரிஞ்ச ஒரு பிள்ளைத்தாச்சியோட கேஸ் ஷீட்ல சிவப்பு மையில கொட்டை எழுத்துல எழுதித் தொங்கவிட்டுட்டாங்க. சாப்பாடு கொண்டுவர்ற ஆள் முதக்கொண்டு படிச்சுட்டுப் போனான். அந்தப் பொண்ணு ராத்திரியே போயிடுச்சு. பிரசவம் எங்க ஆச்சோ.

பிறகு பயிற்சியில ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாங்க: எல்லா ரத்தத்தையும் தொற்று உள்ள ரத்தம்னே நெனச்சுக் கையாளு. ஆளுக்கு அடையாளம் வைக்காதே, எல்லாருக்கும் கையுறை போடு. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம்ம கையில குத்திட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருந்து, 28 நாள். எனக்கே ஒரு தடவை குத்தி, அந்த 28 நாளும் வாந்தியெடுத்துக்கிட்டே டூட்டி பாத்தேன். கொரோனா வந்தப்போ எங்க வார்டுல பழைய ஆளுங்க பதறாததுக்கு இந்தப் பழக்கம்தான் காரணம்னு நான் சொல்லுவேன்.

எச்.ஐ.வி.க்குத் தனிச் சட்டமே இருக்கு. 2017-ல நிறைவேத்தி, 2018 செப்டம்பர் 10-லேர்ந்து அமல். சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக்கூடாது, வெளிய சொல்லக்கூடாது. அது நல்லது. ஆனா டி.பி.காரருக்கும் மனநோய்க்காரருக்கும் மானம் இல்லையா? இன்னிக்கும் ஒரு வரிசையில "டி.பி. மாத்திரை யாருப்பா?"ன்னு கத்துறாங்க.

லேப் சட்டை

எல்லாரும் உருகுறீங்க, கொஞ்சம் மாத்திப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீசியன்.

1986-ல இந்தியாவுல முதன்முதல்ல எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்ச டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சென்னையில சேகரிச்ச ரத்தத்தைச் சோதிக்க வேலூர் சி.எம்.சி.க்குத்தான் போகவேண்டியிருந்துச்சு. இன்னிக்கு நான் விரல் நுனியில ஒரு குத்து குத்தி அரைமணி நேரத்துல சொல்றேன். இது சும்மா வந்ததா? பணம் வந்துச்சு. உலக வங்கி, குளோபல் ஃபண்ட், இன்னும் யார் யாரோ. எல்லாரும் பயந்தாங்க, அதனால பணம் வந்துச்சு. சுகரைப் பாத்து யார் பயப்படுறா?

கணக்கும் வேற. எச்.ஐ.வி. தொற்று நாட்டுல வயசு வந்தவங்கள்ல 0.2 சதவீதம் சுத்திதான். சுகரு தெருவுக்குத் தெரு. எங்க நிலையத்துல செவ்வாய்க்கிழமை வரிசை கேட்டுக்கு வெளிய நிக்குது. அவ்வளவு பேருக்கும் "கடைசி மூணு நாள்ல எத்தனை விட்டீங்க?"ன்னு கேக்க எந்த கவுன்சலர் இருக்காரு? கவுன்சலர் அண்ணனும் ஒப்பந்த ஊழியர்தானே? வருஷாவருஷம் கையெழுத்து, பென்ஷன் கிடையாது. பாடம் எடுக்கறதுன்னா அந்தப் பாடத்தையும் சேத்து எடுங்க.

மஞ்சக்குப்பம் பழைய கவுன்சலர்

தம்பி சொல்றது சரி. ஒப்பந்தம்தான், அதனாலதான் வெளிய வந்தேன், ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. ஆனா ஒண்ணு. வரிசையில நிக்கிற எல்லார்கிட்டயும் கேக்கச் சொல்லல. வராதவங்களை மட்டும் கேட்டாப் போதும். அது சின்னப் பட்டியல்தான். பிரச்சினை, அந்தப் பட்டியலையே யாரும் எடுக்குறதில்ல. பதிவேட்டுல வந்தவங்க பேர்தான் இருக்கு.

பெண்ணையாத்து ஓரம்

நான் மக்களைத் தேடி மருத்துவத்துல, அதாவது சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கிற அரசுத் திட்டத்துல, வீடுவீடாப் போறவ. 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினாங்களே, அந்தத் திட்டம். அண்ணா கேக்குற வேலை கொஞ்சமாவது நடக்குது, எங்க காலு தேயுது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். மறுநாள் பாண்டி மிதக்குது. டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம், நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தாங்க, எங்க போறது? அதுக்கப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணி வந்து பெண்ணையாறு எங்க ஊருக்குள்ள. பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தோம். அங்க ஒரு பாசிட்டிவ் அக்கா என் பக்கத்துல உக்காந்து, "உன் நோட்டை எடு, யார் யார் மாத்திரையைக் காணோம்னு எழுது"ன்னு சொன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல. சாப்பாட்டுப் பொட்டலம்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். எழுதினா 23 பேரு, எல்லாம் சுகர், பிரஷர், ஒருத்தருக்கு வலிப்பு. இன்சுலின் போடுற தாத்தா ஊசிமருந்தை மண்பானைத் தண்ணிக்குள்ள டப்பாவுல வெச்சிருந்தாரு, கெட்டிக்காரர். சாயங்காலம் நர்சம்மா வந்தப்போ லிஸ்ட்டைக் கையில குடுத்தேன். ராத்திரிக்குள்ள 19 பேருக்கு வந்துடுச்சு.

அந்த அக்காவுக்கு மாத்திரை இருந்துச்சான்னு நீங்க கேப்பீங்க. ரெண்டு மாசத்துக்குச் சேத்து வாங்கி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருந்தாங்க. 2020 ஊரடங்குல பழகினதாம்.

முந்திரித்தோப்பு

அக்கா, அந்த மீதி நாலு பேருக்கு?

பெண்ணையாத்து ஓரம்

மூணு பேருக்கு மறுநாள் வந்துச்சு. வலிப்பு மாத்திரை மட்டும் கிடைக்கல. கடலூர் போய் நானே வாங்கிட்டு வந்தேன், அஞ்சாம் நாள்.