டொமினோ டாம்செல் யாரையும் விடமாட்டேன் என்கிறது

கேள்வி: 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி. ஓராண்டுக்கு முன் டொமினோ டாம்செல்லைத்தான் முதல் மீனாக விட்டேன். அப்போது கட்டைவிரல் நகம் அளவுதான். நேற்று இரண்டு க்ளவுன் மீன்களை விட்டதும் பாறை இடுக்கிலிருந்து பாய்ந்து, சின்னதின் வால் துடுப்பைக் கிழித்துவிட்டது. அது ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறது. மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் சின்னதைத் துளையிட்ட பெட்டியில் போட்டு அதே தொட்டிக்குள் வையுங்கள். அப்புறம் பாறைகளை மாற்றி அடுக்குங்கள். தன் எல்லை எதுவென்று தெரியாமல் டொமினோ கொஞ்சம் அடங்கும்.

பதில் 2: என்னிடம் அது பத்து நாள்தான் பலித்தது. டொமினோ 14 சென்டிமீட்டர் வரை வளரும். வளர வளர முரடாகும். பாட்டில் பொறி வைத்துப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். டாம்செல்தான் வேண்டுமென்றால் மஞ்சள் வால் நீல டாம்செல் பரவாயில்லை. அதையும் கடைசியாக விடுங்கள்.

கேட்டவர்: சரி, பொறி வைத்துவிட்டேன். சின்னது பெட்டிக்குள் இரண்டு இறால் துணுக்கு தின்றது!