3000 ரூபா ஆர்டர், ஏழு வருஷமா அதேதான் (ஜீவனாம்சம் ஏத்தி வாங்கின அனுபவம்)

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, ஒருதடவ ஜீவனாம்சத்துக்கு கோர்ட் ஆர்டர் ஆயிட்டா அவ்ளோதானா, தொகைய மாத்த முடியாதான்னு. இல்லம்மா. நானும் அப்படி நம்பித்தான் ஏழு வருஷத்த வுட்டுட்டேன்.

எனக்கு குடியாத்தம். 2016ல பையனுக்கு மாசம் 3000னு ஆர்டர் ஆச்சு, அப்ப அவன் ரெண்டாங்கிளாஸ். பையனோட அப்பாவுக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில வேலை, அப்புறம் சூப்பர்வைசர் ஆயிட்டாரு, சம்பளம் ஏறிச்சு, ஆனா அக்கவுண்ட்ல வர்ற 3000 மட்டும் அசையல. பையன் ஒன்பதாவது வந்துட்டான், ஃபீஸு, வேன், டியூஷன்னு நான் ஒண்டியா பிளவுஸ் தச்சுக்கினு சமாளிச்சேன். ஒரு நாள் பாத்தா கண்ணாடி காது பக்கம் ஒடஞ்சதுக்கு என் தையல் மிஷின் நூலையே எடுத்து சுத்தி கட்டிக்கினு ஸ்கூலுக்கு போறான், கேட்டா பரவால்லமா தெரியுதுன்றான். அன்னிக்குதான் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு பஸ் ஏறினேன்.

அங்கயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க. நெலம மாறிச்சுன்னா தொகைய மாத்தச் சொல்லி மனு போடலாம்னு அந்த வக்கீலம்மா சொல்லித்தான் தெரியும். நான் போட்டது 2023ல, அப்ப பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (CrPC) 127வது பிரிவு, 2024 ஜூலைக்கு அப்புறம் அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல (BNSS) 146.

ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதி அஃபிடவிட் குடுக்கணும், 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து அப்படித்தான். என் தையல் காசையும் மறைக்காம எழுதினேன். அவரு 16,000னு எழுதினாரு, பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தப்ப வேற தெரிஞ்சுது. நான் ஃபீஸ் ரசீது, டாக்டர் சீட்டு எல்லாத்தையும் ஒரு ஸ்வீட் டப்பால போட்டு வெச்சிருந்தேன், அத அப்படியே தூக்கிக்கினு போனேன், அதுதான் கை குடுத்துச்சு. பில்லு எதையும் தூக்கி போடாதீங்க.

வாய்தா வாய்தான்னு வந்துனு போயினு 14 மாசம் ஆச்சு. 7500 ஆக்கினாங்க, மனு போட்ட தேதில இருந்து கணக்கு பண்ணி பாக்கி 63,000 தரச் சொன்னாங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் கேக்காம இருந்த வருஷங்களுக்கு ஒண்ணுமே இல்ல, அது என் புள்ள காசு, நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

———

அக்கா, நான் வாலாஜாபேட்டை, பணம் கட்டுற அப்பாவா சொல்றேன். லோடு வண்டி ஓட்டினு இருந்தேன், ஆக்சிடெண்ட்ல கால் ஒடஞ்சு எட்டு மாசம் படுக்கை. மாசம் 6000 கட்டணும், முடியல, சும்மா நிறுத்திட்டேன். போன்ல பாப்பாவோட அம்மாகிட்ட சொன்னேன், சரின்னாங்க, அது போதும்னு நெனச்சேன். வாரண்ட் வந்துச்சு. கொறைக்கச் சொல்லி அப்பவே ஏன் மனு போடலன்னு ஜட்ஜு கேட்டாரு, பதில் இல்ல. அப்புறம் ஆஸ்பத்திரில குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி வெச்சு மனு போட்டேன், 4000 ஆச்சு, ஆனா பழைய பாக்கி ஒரு ரூபா கூட கொறையல, தவணைல கட்டிக்கினு வரேன். பாப்பாவுக்கு போவுற காசுதான், கட்டிடுவேன்.

———

கட்டுங்க தம்பி. தங்கச்சி, இன்னொண்ணு, பாக்கி இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போட்டுடணும், தள்ளிப் போடாத. திங்கக்கிழமை சத்துவாச்சாரி வரதா இருந்தா சொல்லு, நானும் கூட வரேன்.