பீவருக்குத் தமிழில் 'அணைகட்டி' – ஞாயிறு பள்ளிப் பாடத்துக்காக

அனைவருக்கும் வணக்கம்.

ஓடையில் அணை கட்டி வாழும் கனடாவின் பீவர் என்ற விலங்கை வைத்து உழைப்பையும் விசுவாசத்தையும் சொல்லும் சிறுவர் பாடத்துக்கு ஒரு பெயர் தேவை. 'நீர்நாய்' வேண்டவே வேண்டாம். அது காவிரியில் மீன் பிடித்துத் தின்னும் வேறு விலங்கு; குறுந்தொகை 364இல் வாளைமீனை நாளிரையாகப் பெறுவதும் அதுதான். பீவர் மீனைத் தொடாது. மரப்பட்டை, இலை, நீர்ச்செடி ஆகியவைதான் அதன் தீனி. 'நீரெலி' இனத்தால் சரி, பீவரும் கொறிக்கும் விலங்குதான். ஆனால் 20 கிலோ எடையுள்ளதை எலி என்றால் பிள்ளைகள் சுண்டெலியைத்தான் நினைப்பார்கள். மரங்கொத்தி, எறும்புதின்னி வரிசையில் 'அணைகட்டி' என்று முன்மொழிகிறேன்.

> 'அணைகட்டி' என்று முன்மொழிகிறேன்

ஐயா, எல்லாப் பீவரும் அணை கட்டுவதில்லை. ஆழமான ஆற்றில் வாழ்பவை கரையில் வளை தோண்டிக்கொள்ளும். இன்னொரு சிக்கல்: அணைதான் அதன் வீடு என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள்.

> எல்லாப் பீவரும் அணை கட்டுவதில்லை

மீன்கொத்தி வெட்டுக்கிளியும் தின்கிறது; அதற்காகப் பெயரை மாற்றவில்லையே. வீட்டுக்குத் தனியாக 'நீர்மனை' என்று வைக்கலாம். அதன் வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கும், உள்ளே படுக்கும் திட்டு நீர்மட்டத்துக்கு மேலே. வாசல் மூழ்கியே இருந்தால் ஓநாய் நுழையாது. இலையுதிர் காலத்தில் கிளைகளை மனையருகே நீருக்கடியில் சேர்த்து வைக்கும். மேலே பனி உறைந்தாலும் அடியில் நீந்திப் போய்த் தின்னும். அதற்கெல்லாம் ஆழம் வேண்டும், ஆழத்துக்காகத்தான் அணை. இந்தக் காரணத்தொடரைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் அணையும் மனையும் குழம்பாது.

சோம்பேறியை எறும்பிடம் கற்கச் சொல்லும் வசனத்தை (நீதிமொழிகள் 6:6) இங்கே ஒட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்வீடனின் விலங்கியல் ஆய்வாளர் லார்ஸ் வில்சன் 1960களில் தாயைப் பிரித்து வளர்த்த குட்டிகளும் அணை கட்டின. ஓடும் நீரின் ஓசையை ஒலிபெருக்கியில் போட்டபோது, கசிவே இல்லாத இடத்தில் குச்சிகளைக் குவித்தன. ஆக அது பிறவியிலேயே வந்த அறிவு. 'பீவர் சுறுசுறுப்பு, நீ சோம்பேறி' என்று பிள்ளையிடம் சொல்வது நியாயமல்ல. யாத்திராகமம் 31இல் கைவினைஞன் பெசலெயேலுக்கு மரவேலைக்கான ஞானத்தைக் கர்த்தர் அருளும் பகுதிதான் பொருந்தும்: கைத்திறன் கொடை, அதைப் பயன்படுத்துவது நம் பங்கு. பீவர் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயதுவரை பெற்றோருடன் இருந்து அணையைப் பழுதுபார்ப்பதையும் இங்கே சேர்க்கலாம்.

பிள்ளைகள் அணை கட்டிப் பார்க்கும் செய்முறைக்கு 60 செ.மீ. நீளத் தட்டு, ஒரு கைப்பிடி சுள்ளி, கூழாங்கல், இரண்டு கிலோ களிமண் போதும். தட்டின் ஒரு முனையை விரற்கடை உயர்த்துங்கள். முதலில் சுள்ளிகளை நீரோட்டத்தின் போக்கிலேயே படுக்க வைத்துக் கல்லை ஏற்றுங்கள், பிறகு குறுக்குச் சுள்ளிகள். களிமண்ணை நீர் வந்து மோதும் பக்கம் பூச வேண்டும்; அழுத்தமே அதை இடுக்குகளில் திணிக்கும். பெரும்பாலும் பிள்ளைகள் மறுபக்கம் பூசுவார்கள், நீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு முறை போகட்டும், தடுக்காதீர்கள்.

பீவர் வாலைக் கரண்டிபோல் வைத்துச் சேறு பூசும் படம் பாடத்தில் இருந்தால் நீக்கிவிடுங்கள். சேற்றை முன்கைகளால் மார்போடு அணைத்துத்தான் அது தூக்கிவரும். வால் நீந்தவும், கொழுப்பைச் சேமிக்கவும், ஆபத்தென்றால் நீரில் அறைந்து மற்றவற்றை எச்சரிக்கவும்.

'அணைகட்டி', 'நீர்மனை' இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். முதல் பாடத்தில் மட்டும் 'அணைகட்டி எனும் பீவர்' என்று சேர்த்தே போடலாம்.