தை மாசக் குளிருக்கு ஸ்வெட்டர் சால்வையோட என்ன நகை போடலாம்?

ஓசூர் மருமக:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு பொறந்த ஊரு தருமபுரி பக்கம், கல்யாணம் ஆகி ஓசூர் வந்துட்டேன். அங்க மார்கழில கூட வெயில் ஏறுனா குளிர் போயிடும், இங்க கார்த்திகை பொறந்ததுல இருந்தே ஸ்வெட்டர் இல்லாம வாசல் தாண்ட முடியல. தினம் ஸ்கூட்டில தான் ஆபிஸ், கழுத்து மூடுன ஸ்வெட்டர், அதுக்கு மேல ஸ்டோல், ஹெல்மெட். இதுக்குள்ள நகை எதுவுமே சரியா அமைய மாட்டேங்குது. தாலிக்கொடி உள்ள போயிடுது அது பரவால்ல, மெல்லிசு செயின் ஒண்ண மேல எடுத்து விட்டா கம்பளி நூலை இழுத்து வச்சிடுது, ஜிமிக்கி ஸ்டோல்ல மாட்டிக்குது, வெறும் கழுத்தோட போனா மாமியார் ஏம்மா இப்படி மொட்டையா போறேன்னு கேக்கறாங்க.

இன்னொண்ணு, தை மாசம் நாத்தனாருக்கு தேன்கனிக்கோட்டைல கல்யாணம். முகூர்த்தம் விடியக்காலை 4.30ல இருந்து 6. அந்த நேரத்து குளிர் அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். பட்டுப்புடவை மேல சால்வை போத்திக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, போத்திக்கிட்டா ஆரம் அட்டிகை எல்லாம் உள்ள போயிடுமே? வீட்டுக்காரர் ரெண்டு சவரனுக்குள்ள புதுசா ஏதாச்சும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு. ஆபிஸுக்கும் ஆகணும் கல்யாணத்துக்கும் ஆகணும், எதை வாங்கலாம் சொல்லுங்க ப்ளீஸ்.

ராயக்கோட்டை அக்கா:
நகையைப் பாக்கறதுக்கு முன்னாடி ஸ்வெட்டர் கழுத்தைப் பாருமா. கழுத்து மூடி இருந்துச்சுன்னா அங்க போட்டி போடாத, விட்டுரு, அழகை காதுக்கும் கைக்கும் கொண்டு போ. நல்ல அகலமான கல்லு தோடு ஒரு ஜோடி, காதோட ஒட்டி உக்காரணும், தொங்கல் வேணாம், பின்னாடி திருகாணி. ஸ்டோல் சுத்துனாலும் முகத்துக்குப் பக்கத்துல அது ஒண்ணு தான் வெளிய தெரியும், அதனால சின்னதா கடுகளவு எடுத்துடாத, கம்பளி தடிமனா இருக்குதுல்ல, அதுக்கு முன்னாடி பொடி நகை காணாமப் போயிடும்.

வி கழுத்து ஸ்வெட்டர்னா கதை வேற. அதுல உள்ள போடுற சுடிதார் கழுத்தும் தெரியும், கழுத்தெலும்பை ஒட்டி நிக்கிற குட்டைச் செயின் ஒரு சின்ன பதக்கத்தோட போட்டா அம்சமா இருக்கும். மூடுன கழுத்துக்கு மேல போடணும்னு ஆசைன்னா நெஞ்சுக்குக் கீழ வரைக்கும் வர்ற நீளமான முத்து மாலையோ பவள மாலையோ போடு, மெரூன், கரும்பச்சை, நேவி ப்ளூல முத்து எடுத்துக் குடுக்கற மாதிரி எதுவும் எடுத்துக் குடுக்காது. சாம்பல் கலர் ஸ்வெட்டர்னா மஞ்சத் தங்கத்தை விட வெள்ளி, ஆக்ஸிடைஸ்டு தான் எனக்குப் புடிக்கும்.

அப்புறம் தலை வழியா போடுற ஸ்வெட்டரை விட முன்னாடி பட்டன் வச்சது வாங்கு. தோடு போட்டுக்கினு தலை வழியா கழட்டுறப்ப நூல்ல மாட்டுச்சுன்னா காது மடல் கிழிஞ்சிடும், விளையாட்டு இல்ல.

கிருஷ்ணகிரி பட்டறை:
நாங்க பரம்பரையா நகை வேலை பாக்கறவங்க. குளிர் சீசன்ல கம்பளில மாட்டி கல்லு போச்சுன்னு, செயின் அறுந்துச்சுன்னு நிறைய பேர் கொண்டு வருவாங்க, அதுல பாத்ததை சொல்றேன் மேடம்.

உங்க செயின் நூலை இழுக்குதுன்னீங்க, முக்கால்வாசி செயின் மேல தப்பு இருக்காது, பின்னாடி இருக்கற எஸ் கொக்கி தான் காரணமா இருக்கும். போட்டுக் கழட்டிப் போட்டுக் கழட்டி அதோட வாய் லேசா விரிஞ்சிருக்கும், அந்த இடைவெளில கம்பளி இழை போய் சிக்கிக்கும், நீங்க கழுத்தைத் திருப்புனா செயினும் கூடவே இழுபடும். ஆசாரிகிட்ட குடுத்து வாயை நெருக்கி நுனியை ராவி வழவழப்பாக்கச் சொல்லுங்க, கூட இருந்து வாங்கிட்டு வந்துடலாம். இல்லனா ஸ்ப்ரிங் வச்சு மூடிக்கிற கொக்கியா மாத்திடுங்க.

கல்லு நகை எடுக்கறப்போ கல்லை எப்படிப் புடிச்சிருக்காங்கன்னு பாருங்க. சிலதுல கல்லைச் சுத்தி நகம் மாதிரி சின்னச் சின்னக் கம்பி நிக்கும், வெளிச்சம் நல்லா போறதால டாலடிக்கும், ஆனா கம்பளி, ஸ்டோல், சால்வை எல்லாத்துலயும் மாட்டுறது அது தான். மாட்டி மாட்டி ஒரு நகம் நிமிந்துட்டா கல்லு எப்ப விழும்னு சொல்ல முடியாது. கல்லைச் சுத்தி தங்கமே விளிம்பா மூடியிருக்கற கட்டு எடுங்க, அது எதுலயும் மாட்டாது. கடைல நீங்க போட்டிருக்கற ஸ்டோல் மேலயே தோட்டை லேசா வச்சு இழுத்துப் பாருங்க, நூல் வந்துச்சுன்னா வேற காட்டச் சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

தினமும் போடுற கல்லு தோடுன்னா 18 காரட் கூட யோசிக்கலாம், 75 சதம் தங்கம், 22 காரட்டை விட கெட்டி, கல்லை இறுக்கிப் புடிக்கும். பெரியவங்க 916, அதாவது 22 காரட் தான் வேணும்பாங்க, அதுவும் நியாயம் தான், திருப்பி விக்கறப்போ 22க்கு மதிப்பு கூட. எதை எடுத்தாலும் ஹெச்யூஐடின்னு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா போடுற, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க நம்பர் இருக்கான்னு பாருங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து ஹால்மார்க் நகைன்னா அது இருந்தாகணும், ஹால்மார்க் குடுக்கற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல நம்பரைப் போட்டா விவரம் வந்துடும். பில்லுல கல்லு எடையைத் தனியா கழிச்சுப் போடச் சொல்லுங்க, கல்லுக்குத் தங்க விலை குடுத்துடாதீங்க.

மோதிரம் எடுக்கற ஐடியா இருந்தா காலைல போய் அளவு குடுக்காதீங்க, குளிர்ல விரல் சுருங்கி இருக்கும், மத்தியானத்துல இறுக்கும். மதியத்துக்கு மேல போங்க.

தளி டீச்சர்:
எங்க ஊரை குட்டி இங்கிலாந்துன்னு சொல்லுவாங்க, அதனால சால்வையும் பட்டும் சேத்துக் கட்டறது எங்களுக்குப் பழக்கம் தான் மா.

முகூர்த்தத்துக்கு சால்வையை நம்பாத, ரவிக்கையை நம்பு. முழுக்கை வச்ச வெல்வெட் ரவிக்கை தைச்சுக்கோ, கழுத்து மட்டும் கொஞ்சம் அகலமா விடச் சொல்லு, உள்ள மெல்லிசா தெர்மல் (குளிர் தாங்குற பனியன்) போடறதுனா அதோட கழுத்தும் இறக்கமா இருக்கணும், இல்லனா அட்டிகைக்குக் கீழ எட்டிப் பாக்கும். கை மூடிடுறதால முழங்கைக்கு மேல வங்கி போட்டா வெல்வெட் மேல அப்படி ஒரு எடுப்பு. கைமுனைல வளையலை உள்ள விடாத, துணி மேலயே ரெண்டு கெட்டி வளையல், அதுக்காக வளையல் அளவு ஒண்ணு கூட வேணும், இப்பவே போட்டுப் பாத்துக்கோ. கழுத்துல அட்டிகை மட்டும் போதும். சால்வையை ரெண்டு தோள்லயும் போட்டு முன்னாடி திறந்தே விடு, அட்டிகை முழுசா தெரியும். ஆரத்தை ரிசப்ஷனுக்கு எடுத்து வச்சுக்கோ, சால்வை ஓரமும் ஆரமும் உரசிக்கிட்டே இருந்தா ரெண்டுமே பாழ்.

கெம்புக் கல் செட்டு ஏதாச்சும் இருந்தா ஈரம் படாமப் பாத்துக்கோ. கல்லுக்குப் பின்னாடி பளபளன்னு தகடு வச்சுருப்பாங்க, தண்ணி இறங்குனா கல்லு கருத்துடும். விடியக்காலைல முகம் வறண்டு போகுதுன்னு க்ரீம் பூசுவீங்க, அது நல்லா ஊறுன பிறகு தான் நகை. முத்து இருந்தா அது கடைசி, சென்ட் எல்லாம் அடிச்சு முடிச்சுட்டு.

தருமபுரி கோட்டை:
எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஸ்கூட்டில போற பொண்ணு ஸ்வெட்டருக்கு மேல தங்கச் செயினைப் போட்டுக்கினு போகக் கூடாது. செயின் அறுக்கறவன் தூரத்துல இருந்தே பாப்பான். முத்து, பவளம், வெள்ளி எதுனா மேல போடு, தங்கம் ஸ்வெட்டருக்கு உள்ளயே இருக்கட்டும். மாமியார்கிட்ட இதைச் சொல்லு, அவங்களே சரிம்பாங்க. ஹெல்மெட் கழட்டுறப்பவும் பட்டையை முழுசா அவுத்துட்டு ரெண்டு பக்கமும் விரிச்சுக் கழட்டு, தோடு தப்பிக்கும்.

ஓசூர் மருமக:
அக்கா டீச்சர் எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எஸ் கொக்கியை இப்ப தான் பாத்தேன், பட்டறை அண்ணா சொன்ன மாதிரியே வாய் விரிஞ்சு ஒரு கம்பளி இழை இன்னும் அதுலயே இருக்குது. ரெண்டு சவரனுக்கு ஆரம் எடுக்கலாமான்னு தான் நெனச்சிருந்தேன், இப்ப தோடு பக்கம் மனசு போகுது. இன்னும் ரெண்டு டவுட். இமிடேஷன் தோடு போட்டா குளிர் காலத்துல மட்டும் காது அரிச்சு தோல் உரியுது, ஏன்? கொலுசு சாக்ஸ்ல மாட்டுது, அதுக்கு என்ன பண்றீங்க?

கிருஷ்ணகிரி பட்டறை:
ரெண்டு சவரன்ல ஆரம் எடுத்தா தகடு மெல்லிசா தான் வரும், சீக்கிரம் நசுங்கிடும். ஒரு சவரனுக்குத் தோடு, மீதில ஒரு கெட்டி வளையல், இது தான் உங்களுக்கு ஆகும், டீச்சர் சொன்ன வெல்வெட் கைக்கும் பொருந்தும்.

அரிப்புக்கு நிறைய பேருக்குக் காரணம் நிக்கல். இமிடேஷன்ல அடில அது கலந்திருக்கும், குளிர்ல தோல் வறண்டு வெடிச்சிருக்கறதால சீக்கிரம் புடிச்சுக்கும். நெயில் பாலிஷ் தடவுனா சரியாகும்பாங்க, அது கொஞ்ச நாள்ல உரிஞ்சிடும். காதுக்குள்ள போற தண்டாவது தங்கமா, 925 வெள்ளியா இருக்கட்டும். புண்ணு ஆறாம எதையும் மாட்டாதீங்க, ஆறலைனா தோல் டாக்டரைப் பாருங்க.

ராயக்கோட்டை அக்கா:
கொலுசுல சலங்கை நிறைய இருக்கறதை இந்த ரெண்டு மாசம் கழட்டி வை கண்ணு. சலங்கை இல்லாத தட்டைக் கொலுசுன்னா சாக்ஸுக்கு மேல போட்டுக்கலாம், ஓரம் மட்டும் வழவழன்னு இருக்கணும். கழட்டி வைக்கற வெள்ளியை ஸ்வெட்டர் அடுக்குல சொருகி வைக்காத, கம்பளில கந்தகம் இருக்குது, வெள்ளி கருத்துப் போயிடும். பருத்தித் துணில சுத்தி, காத்துப் புகாத டப்பாவுல தனியா போட்டு வை.