பாண்டிக் கட்டம் பத்தின பதிவு: புதுப்பிப்பு

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் மூணுலேருந்து ஆறு வயசுப் பிள்ளைகளுக்குப் பாண்டி ஆட்டம், அதாவது தரையில் கட்டம் போட்டுக் குதிக்கிற விளையாட்டு, சொல்லிக் கொடுப்பது பத்தி முன்பு எழுதியிருந்தோம். அதில் கட்டம் ஒன்றரை அடி என்று போட்டது தப்பு. நாலு வயசுக் காலுக்கு அது எட்டாது, கோட்டு மேலேயே விழும். ஒரு அடி போதும், மொத்தம் நாலு கட்டத்துக்கு மேல் வேண்டாம்.

மூணு வயசில் நொண்டியை, அதாவது ஒத்தைக்கால் குதியை, எதிர்பார்க்காதீங்க. ஒத்தைக்காலில் இரண்டு மூன்று விநாடி நின்றாலே அந்த வயசுக்கு நல்லது. அவங்களுக்கு ரெட்டைக்கால் குதி மட்டும் போதும். நொண்டி நாலு வயசை ஒட்டித்தான் வரும், முதலில் கையைப் பிடிச்சுக்கிட்டு.

பொடிமணலில் கால் புதையும், கணுக்கால் புரளும். அலை தொடாத, ஆனா ஈரம் காயாத இறுகிய மணலில் கோடு போடுங்க. பிள்ளைக்கும் தண்ணிக்கும் நடுவில் ஒரு பெரியவர் நின்னே ஆகணும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

குதிச்ச பிறகு தடத்தைக் குனிஞ்சு பாருங்க. குதிகால் குழி ஆழமாயிருந்தா முட்டி மடங்காம விறைப்பா இறங்குதுன்னு அர்த்தம். விரல் பக்கம் ஆழமா பதிஞ்சா சரி. “பூனை மாதிரி இறங்கு”ன்னு சொன்னா பெரும்பாலும் பிடிச்சுக்கும். கட்டத்துக்குள் சில்லு (தட்டையான ஓட்டுத் துண்டு) எறிவதை அப்புறம் சேர்த்துக்கலாம்.